பல்கலைக்கழக நூலகத்தின் ஆண்டுக் கணக்கில் மலையகம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

2025 பெப்ரவரி 2, வாசகரின் கேள்வி

பல்கலைக்கழக நூலகங்கள் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகின்றன. எத்தனை நூல்கள் வாங்கப்பட்டன, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எந்தப் பாடசாலைக்கு எத்தனை புத்தகங்கள் வழங்கப்பட்டன என்றெல்லாம் அவற்றில் இருக்கிறது. இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அதில் ஒரு வரியும் ஒட்டவில்லை. வருடத்தில் ஒரு நாள் லொறியில் புத்தகம் ஏற்றிவந்து படம் எடுத்துக்கொள்வதுதான் சமூகப் பணியா?

2025 பெப்ரவரி 3

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்குகளை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன்; பாடசாலை நூலகத்தின் திறப்பும் என்னிடமே இருக்கிறது. தொண்ணூறுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அதுவரை நான் கண்ட மிகப் பெரிய புத்தகக் குவியல் எங்கள் தோட்டத்துக் கோயில் மடத்தில் இருந்த ஓர் அலுமாரிதான். பேராதனை நூலகத்தில் தமிழ் நூல்கள் இருந்த தட்டுகளுக்கு முன்னால் முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அங்கே வேலை செய்த ஒருவர் அருகில் வந்து, "தம்பி, எடுத்துப் பாருங்க, ஒருத்தரும் ஏச மாட்டாங்க" என்றார். அன்று நான் இரவல் எடுத்த இரண்டு நூல்களும் அந்த வருடத்து இரவல் தொகையில் இரண்டாக ஏறியிருக்கும். இன்னொருவருக்கு வெறும் தொகையாகத் தெரிகிற அந்த எண்ணுக்குள் நானும் இருக்கிறேன் என்பதால், எண்ணுவதே வீண் வேலை என்று என்னால் சொல்ல முடியாது. எதை எண்ணுகிறோம், எதை எண்ணாமல் விடுகிறோம் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

2025 பெப்ரவரி 3, இரவு

எழுதிய பிறகு நினைவுக்கு வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் அதன் நூலகத்துக்கும் தொடக்கமாகச் சொல்லப்படுவது, 1921இல் கொழும்பில் திறக்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி. தோட்டத் தொழிலாளரைக் கடனோடு கட்டிப்போட்ட துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதும் அதே 1921இல்தான். தொழிலாளி ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவருடைய கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு கையில் இருக்க வேண்டும். அந்தக் கடனைத் தீர்க்கிறவர்தான் அவரைக் கூட்டிப்போக முடியும். நாடு பல்கலைக்கழகக் கல்விக்காக நூல் சேர்க்கத் தொடங்கிய அதே வருடத்தில்தான், மலையில் ஒரு காகிதத்தின் பிடி தளர்ந்தது. எங்கள் மக்களுக்குக் காகிதம் என்றால் அச்சம் என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

2025 பெப்ரவரி 9

லொறியில் வரும் புத்தகங்களைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பாடசாலைக்கும் வந்திருக்கின்றன. கொடுத்தவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. பதினோரு பெட்டிகள். பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொன்றாகச் சுமந்து படியேறினார்கள். திறந்து பார்த்தால், கைவிடப்பட்ட பாடத்திட்டத்தின் கணக்கியல் நூல்கள், ஒரே ஆங்கில இலக்கண நூலின் முப்பதுக்கும் மேற்பட்ட பிரதிகள், அட்டை கழன்ற சட்டத் தொகுப்புகள். தமிழில் இருந்தவை ஒரு கையில் அடங்கின. தரம் 4 மாணவி ஒருத்தி பெட்டியின் அடிவரை கையை விட்டுத் துழாவிவிட்டு, "சேர், கதைப் புத்தகம் வேற பெட்டியில வருமா?" என்று கேட்டாள். வரும் என்று சொன்னேன். பிறகு கண்டியில் என் கைக்காசில் ஏழு கதைப் புத்தகங்கள் வாங்கி வந்து, அவை அந்தப் பெட்டியில் வந்தவை என்றே அவளிடம் கொடுத்தேன்.

கொடுத்தவர்களின் அறிக்கையில் அந்த வருடம் எங்கள் பாடசாலைக்கு நேராகப் பெரிய எண் ஒன்று இருந்தது. அந்த எண் பொய்யன்று. ஆனால் ஒரு நூலகம் தன் தட்டுகளில் இருந்து கழித்தவற்றை இன்னொரு நூலகத்தின் வரவாக எழுதும்போது, அவற்றை யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற கேள்வியையும் சேர்த்து எழுத வேண்டும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை. அந்தப் பதினோரு பெட்டிகள் இந்த இரண்டு விதிகளில் ஒன்றுக்கும் பொருந்தவில்லை.

2025 பெப்ரவரி 22

நன்கொடையை மட்டும் வைத்து நூலகத்தின் சமூகப் பணியை அளந்துவிடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்தின்படி, இந்த நாட்டில் அச்சிடப்படும் நூல்களின் பிரதிகளை அச்சகத்தார் ஒப்படைக்க வேண்டும். அவ்வாறு பிரதி பெறும் நூலகங்களுள் பேராதனையும் ஒன்று. ஹற்றனில் ஒரு சிறிய அச்சகத்தில் ஒருவர் தம் கவிதைகளை முந்நூறு பிரதிகள் அடித்து, அவை விற்றும் விற்காமலும் மழையில் நனைந்தும் அழிந்துபோனாலும், அச்சகத்தார் சட்டத்தை மதித்திருந்தால் ஒரு பிரதி பேராதனையில் இருக்கும். எங்கள் எழுத்தாளர்கள் பலருக்குத் தம் வீட்டிலே கூடத் தம் நூலின் பிரதி இல்லை. அதை வைத்துக் காக்கும் நூலகம் எந்த விழாவும் எடுக்காமலே எங்களுக்குச் செய்கிற பணி இது.

2025 மார்ச் 1

மேலே எழுதியதைத் திருத்த வேண்டும். அந்தச் சட்டத்தின் வலை இலங்கையில் அச்சான நூலைத்தான் பிடிக்கும். இலங்கைத் தமிழ் நூல்கள் பல சென்னையில் அச்சானவை. மலையக நூல்களும் அப்படியே. கொழும்பில் அச்சுச் செலவு ஏறிய காலங்களில் கையெழுத்துப் பிரதியைச் சென்னைக்கு அனுப்பியவர்களை நானே அறிவேன். அவற்றை யாராவது தேடிப் போய் வாங்கினால்தான் உண்டு, தாமாக நூலகத்துக்கு வந்து சேர மாட்டா. ஆகவே, இந்த வருடம் இத்தனை நூல்கள் சேர்ந்தன என்ற வரிக்குக் கீழே, சட்டப்படி தாமாக வந்தவை எத்தனை, தேடி வாங்கியவை எத்தனை என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை. தேடி வாங்குவதில்தான் ஒரு நூலகத்தின் அக்கறை வெளிப்படுகிறது.

2025 மார்ச் 16

நூலகப் பட்டியல் பற்றி ஒரு நீண்ட குறிப்பு. இதை எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

நூல் தட்டில் இருந்தால் போதாது, தேடுகிறவருக்கு அகப்பட வேண்டும். தமிழ் நூல்களின் பெயர்களை ரோமன் எழுத்தில் பெயர்த்து, மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்டுப் பதிவது நூலகங்களின் பழைய வழக்கம். அன்று கணினியில் தமிழ் எழுத்து இல்லை, ஆகையால் அதைக் குறைகூற மாட்டேன். ஆனால் அந்தப் பதிவுகள் அப்படியே புதிய கணினிப் பட்டியலுக்கு மாற்றப்படும்போது, தமிழில் தட்டித் தேடும் பிள்ளைக்கு "முடிவு எதுவுமில்லை" என்றே விடை வருகிறது. சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் வட்டகொடையில் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் இருந்து நாடாளுமன்றம் சென்றவர், எங்கள் மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். அவருடைய பெயரையே ஆங்கிலத்தில் ஒரு 'p' போட்டும் இரண்டு 'p' போட்டும், வேலு வேறு பிள்ளை வேறாகப் பிரித்தும் எழுதலாம். தேடுகிறவர் எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேரும்படி பெயர்களை இணைத்து வைப்பது பட்டியலாளரின் வேலை. தமிழ் நன்றாக அறிந்த ஒருவர் உட்கார்ந்து, நூலைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டிய வேலை அது.

இன்னொன்று. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி (Dewey) பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண். சென்னை நாவலும் யாழ்ப்பாணத்து நாவலும் மலையகத்து நாவலும் அந்த ஒரே எண்ணின் கீழ்த் தோளோடு தோள் நிற்கும். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தரம் 12 மாணவர் ஒருவர் "மலையக நாவல்" என்று தேடினால் அவை மட்டும் பிரிந்து வர வேண்டுமானால், நூல் எதைப் பற்றியது என்று பட்டியலில் குறிக்கும் பொருள் தலைப்பில் அந்தச் சொல்லை யாராவது இட்டிருக்க வேண்டும். ஒரு வருடத்தில் நூறு நூல்களுக்கு அந்தச் சொல்லை இடுவது எந்த ஆண்டறிக்கைக்கும் கவர்ச்சியான செய்தியாகாது. நான் அதைப் பெரிய சாதனை என்றே எண்ணுவேன்.

பேராதனை நூலகராக இருந்த இயன் குணதிலக்க, பதினாறாம் நூற்றாண்டு முதல் மேலை மொழிகளில் இலங்கையைப் பற்றி வெளியானவற்றை எல்லாம் தேடித் தொகுத்த நூற்பட்டியல் ஐந்து தொகுதிகள் கொண்டது. முதல் இரண்டும் 1970இல் வந்தன, கடைசி இரண்டும் 1983இல். இடைப்பட்ட ஒவ்வொரு வருடத்தின் அறிக்கையிலும் அந்த உழைப்புக்கு நேராக என்ன எண்ணை எழுதியிருக்க முடியும்? அவர் எடுத்துக்கொண்டவை மேலை மொழிகள். மலையகத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுக்கும் அதே பிடிவாதத்தோடு ஒருவர் வருடக்கணக்காக உட்கார வேண்டும்.

2025 ஏப்ரல் 27

சித்திரை விடுமுறை முடிந்து நூலக அறையைத் திறந்தேன். மூன்று வாரம் பூட்டிக் கிடந்ததில் கீழ்த்தட்டு நூல்களின் முதுகெல்லாம் சாம்பல் நிறப் பூஞ்சணம். ஓர் அகராதியை விரித்தால் இராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை 'க'வில் தொடங்கி 'ப' வரை போகிறது. பேராதனை ஏறக்குறைய ஐந்நூறு மீற்றர் உயரம். இங்கே ஆயிரத்தைந்நூறைத் தாண்டிவிட்டோம். பிற்பகல் இரண்டு மணிக்கே மூட்டம் ஜன்னலுக்குள் வந்துவிடும். அலுமாரியைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வை, அடித்தட்டை நிலத்தில் இருந்து உயர்த்து, நூல்களை இறுக்கி அடுக்காதே, பூஞ்சணம் பிடித்ததை நிழலில் உலர்த்திய பின் மெல்லிய தூரிகையால் வெளியே வைத்துத் துடை, வெயிலில் காய வைக்காதே என்று இப்போது எனக்குத் தெரியும். இதைக் கற்றுக்கொள்ளும் முன் இரண்டு அலுமாரி நூல்களை இழந்திருக்கிறேன். ஓலைச்சுவடிகளை இத்தனை காலமாகப் பேணிவரும் பல்கலைக்கழக நூலகத்தாருக்கு இந்த அறிவு கைவந்தது. பதினோரு பெட்டிகளுக்குப் பதிலாக அவர்களில் ஒருவர் ஒரு நாள் மேலே வந்து எங்கள் பாடசாலை நூலகப் பொறுப்பாசிரியர்களுக்கு இதைக் காட்டிக்கொடுத்திருந்தால், அந்த இரண்டு அலுமாரிகளும் இன்றிருக்கும்.

2025 மே 18

இதுவரை நூலகம் எங்களுக்கு என்ன தர வேண்டும் என்றே எழுதிவந்திருக்கிறேன். திருப்பியும் கேட்க வேண்டும்: எங்களிடம் இருந்து நூலகம் எதைப் பெற்றுக்கொள்ள வேண்டும்?

போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில், காலமான கணக்கப்பிள்ளை ஒருவரின் மகளின் வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் மறுபடியும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது, தோட்ட அலுவலகங்களில் இருந்த பழைய பேரேடுகளை வைத்துக்கொள்ள இடமில்லை என்று ஒதுக்கிய கதைகள் மலையெங்கும் உண்டு. அப்படி ஒதுக்கியதில் ஒன்றை அவருடைய தந்தை வீட்டுக்கு எடுத்துவந்திருக்கிறார். பழைய சேலைத் துண்டில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருந்த செக்றோல் புத்தகம் அது; தொழிலாளரின் வேலை நாளையும் சம்பளத்தையும் பதியும் பேரேடு.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இடப்பக்கம் எண்ணும் ஆங்கில எழுத்தில் பெயரும். மேலே 1 முதல் 31 வரை நாட்கள். கட்டங்களுக்குள் முழுப்பேர், அரைப்பேர் என்ற குறிகள். ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் பேர் என்றே சொல்வோம். வலப்பக்கம் அரிசி, கம்பளி, டோபி, பாபர் (முடிதிருத்துபவர்), கோயில் என்று பிடித்த காசுகள், கடைசிக் கட்டத்தில் கைக்கு மிஞ்சியது. ஒரு பெண்ணின் வரிசையில் கட்டங்கள் தொடர்ச்சியாக வெறுமையாக இருந்தன; ஓரத்தில் பென்சிலால், தமிழில், "பிள்ளைப்பேறு" என்று எழுதியிருந்தது. அடுத்த மாதத்துப் பக்கத்தில் அதே பெயருக்கு நேரே நாள்தோறும் அரைப்பேர். பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு வந்து அரை நாள் கொழுந்து பறித்திருக்கிறாள். அந்தப் பெண்ணைப் பற்றி உலகில் எஞ்சியிருப்பது இந்தக் கட்டங்களாகவே இருக்கலாம்.

எங்கள் வீட்டிலும் அம்மாயி ஒரு பெட்டி வைத்திருந்தார். எங்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் இந்த நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததைக் காகிதத்தால் நிறுவ வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாயி, ஒரு ரசீதைக் கூட எறிய விட்டதில்லை. இப்படிப்பட்ட பெட்டிகள், தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயக் காம்பராக்களில் இன்னும் இருக்கின்றன. கூரைத் தகரம் ஒழுகும் ஒவ்வொரு மழைக்கும் அவற்றில் சில குறைகின்றன. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி எவரும் வாசிக்க வைத்திருக்கிறது. தன்னார்வலர்கள் தொடங்கிய வேலை அது. காலாவதியான பாடநூலை மேலே அனுப்புகிற லொறி, கீழே இறங்கும்போது இந்தப் பெட்டிகளில் உள்ளவற்றின் நகல்களை ஏற்றிச்சென்றால் அதைச் சமூகப் பணி என்று நான் மனமாரச் சொல்வேன்.

2025 மே 25

ஒரு வாரம் யோசித்த பின் எழுதுகிறேன். மேலே எழுதியதில் ஒன்றைத் தவறவிட்டேன். பழைய தோட்டப் பதிவுகள் சிலவற்றில் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதப்பட்டிருக்கும். அதே லயத்தில் அதே குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வாழ்கிறார்கள். நகலெடுத்ததும் எல்லாரும் பார்க்கத் திறந்துவிட வேண்டும் என்று நான் எண்ணியது தவறு. நகல் நூலகத்தில் பத்திரமாக இருக்கட்டும். எதைத் திறப்பது, எதை ஆய்வாளர் மட்டும் பார்ப்பது, எதை ஒரு தலைமுறைக்கு மூடி வைப்பது என்பதைக் கொடுத்த குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி எழுத்தில் வைக்க வேண்டும். காகிதத்தால் பட்டவர்களை மறுபடியும் காகிதத்தால் நோகச் செய்யக் கூடாது. மூலம் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதும் என் எண்ணம். நகல் மட்டும் கீழே போகட்டும்.

2025 யூலை 6

நூலகத்தார் தோட்டங்களுக்கு அடிக்கடி வராததற்குத் தூரம் ஒரு காரணமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். பேராதனை வளாகத்தின் ஊடாகப் போகும் கலஹா வீதியில் நேரே போனால் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலை மலைகளுக்கு ஏறிவிடலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டமும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. ஒரே வீதி, ஒரு பஸ் பயணம். தமிழ்நாட்டு மன்னார்குடியில் 1931இல் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். இங்கே மாட்டுவண்டி வேண்டாம், கொழுந்து லொறி ஒவ்வொரு மலைக்கும் நாள்தோறும் போய்வருகிறது. நாற்பது நூல்கள் கொள்ளும் ஒரு பெட்டி, தோட்டத்துக்கு ஒரு மாதம், பிறகு அடுத்த தோட்டம். திரும்பி வரும்போது எந்த நூலின் ஓரம் தேய்ந்திருக்கிறது, எதில் தேநீர்க் கறை இருக்கிறது என்று பார்த்தால் அடுத்த வருடம் எதை வாங்குவது என்று தெரிந்துவிடும்.

2025 யூலை 7

கறை படிந்த நூலுக்குத் தண்டப்பணம் கேட்கக் கூடாது என்பதை நேற்று எழுத மறந்துவிட்டேன்.

2025 ஒக்டோபர் 12

வாசிப்பு மாதம். நாடெங்கும் ஒக்டோபரில் நூலகங்கள் விழாக் கோலம் பூணுகின்றன, எங்கள் பாடசாலையிலும் பேச்சுப் போட்டி நடந்தது. நல்லதே. ஆனால் நான் எழுத வந்தது வேறு.

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வேலை செய்யும் என் பழைய மாணவி, தன் லீவு நாளில் கமெராவோடு பஸ் ஏறி வந்தாள். கணக்கப்பிள்ளையின் மகள் முதலில் பெட்டியைத் திறக்கத் தயங்கினார். நகல் மட்டும்தான் போகும், புத்தகம் இங்கேயே இருக்கும், சாதி எழுதிய இடங்களை ஒருவருக்கும் காட்ட மாட்டோம் என்று அவள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு முதலில் கொடுத்தாள். அதை அவர் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு செக்றோலை ஜன்னலோரம் வைத்து, முதுகு முறியாமல் இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, பாதி மட்டும் விரித்து, வெளிச்சம் போடாமல் பகலொளியிலேயே ஒவ்வொரு பக்கமாக எடுத்தாள். மூட்டம் இறங்கும்போது நிறுத்தி, விலகியபின் தொடர்ந்தாள். பக்க எண்ணை உரக்கச் சொல்ல, நான் கொப்பியில் குறித்தேன். மாலை நான்கு மணிக்குப் புத்தகம் முடிந்தது. அவள் பணியாற்றும் நூலகத்தின் கணக்கில் அது ஒரு நாள் லீவாக இருக்கும். அது வேலை நாளாக எழுதப்பட வேண்டும் என்று கேட்டு நூலகருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் புறப்படும்போது அந்த அம்மா செக்றோலைப் பழையபடி சேலைத் துண்டில் சுற்றி, பெட்டியைப் பூட்டி, திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டார். வாசல்வரை வந்து, "அடுத்த கிழமையும் வாங்க, பரண் மேல அப்பாவோட கடுதாசிக் கட்டு இன்னும் கெடக்கு" என்றார்.